அந்தப் படத்தை அடுக்கியவன் நான்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தவன், விஸ்வநத்தத்தில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக் கொடுக்கிற கம்பெனி வைத்தேன். இது ஒரு மழைக்குத் தாங்காது என்று என் கூடப்பிறந்த அண்ணனே டீக்கடையில் உட்கார்ந்து சொன்னான். தாங்கியது. அச்சங்குளத்துப் பக்கம் ஆடுகூட வாய் வைக்காத கரிசல் காட்டை வாங்கி அதில் பட்டாசு ஃபேக்டரி கட்டினேன். கிணறு வெட்டினால் பாறை. விட்டுவிட்டுப் போ என்றார்கள். நான் கிணற்றை இடம் மாற்றினேன், காட்டை மாற்றவில்லை. பிள்ளைகளைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தேன். சிவகாசியில் மாடி வைத்த வீடு கட்டினேன். என் ஃபேக்டரியில் என் காலத்தில் ஒரு உயிர் போகவில்லை. இந்தச் சீமையில் இதைச் சொல்லக்கூடிய முதலாளி எத்தனை பேர் என்று நீங்களே விசாரித்துக்கொள்ளலாம். கடைசியாக, கம்ப்யூட்டரில் ஒரு படம் கட்டினேன்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கிணறு வெட்டினேன் என்றால் தலையாட்டுகிறவர்கள், கம்ப்யூட்டரில் படம் கட்டினேன் என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எங்கள் சின்ன முதலாளிமார் சங்கத்து ஹாலில் அந்தப் படம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதற்கு அடியில், ஆக்கம் என்று போட்டு எங்கள் சங்கத்து ஆடிட்டர் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். யாருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதுசு. கம்ப்யூட்டருக்கு அப்போதெல்லாம் டிவிப் பெட்டி மாதிரி முதுகு வீங்கியிருக்கும். சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு நடுவே நாங்கள் சீசனுக்குச் சீசன் நசுங்கிக்கொண்டிருந்தோம். நம்முடைய சரக்கை வெளிநாட்டுக்குக் கப்பலில் அனுப்ப முடியுமா என்று பார்க்கலாம் என்றார்கள். வெடிச் சரக்கு என்றாலே கப்பல்காரன் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவான். எந்தத் துறைமுகம் ஏற்றும், எப்படிப் பெட்டி போட வேண்டும், எந்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், இதெல்லாம் தெரிந்துகொண்டு ஒரு மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பது தீர்மானம். இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். யார் தேடுவது என்று கேட்டதும் எல்லோரும் மேலே ஃபேனைப் பார்த்தார்கள். என் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கம்ப்யூட்டர் படித்த மருமகள் இருக்கிறாள், நான் பார்க்கிறேன் என்று நான்தான் சொன்னேன். அதை அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். இன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகமில்லை.

மருமகள் தேடினாள். விருதுநகர் காலேஜில் படித்த பெண், வேகம் அதிகம். தேடியதை எல்லாம் பிரிண்ட் எடுத்துத் தள்ளினாள். காகிதம் சாப்பாட்டு மேஜையில் ஏறி, நாற்காலியில் இறங்கி, கடைசியில் மாவாட்டும் கிரைண்டர் மேல் போய் உட்கார்ந்தது. தோசை வேண்டுமா, கப்பல் வேண்டுமா, ரெண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று என் வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். சரி, இவ்வளவு காகிதம் இருக்கிறதே, சின்னப் பெட்டிக்கு என்ன விதி என்று மருமகளிடம் கேட்டால், இதோ மாமா என்று ஒரு கட்டை அவிழ்ப்பாள். அது கிடைப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். ஒரே சங்கதி நாலு காகிதத்தில் நாலு விதமாக இருக்கும். எது சரி என்று கேட்டால், எல்லாமே இன்டர்நெட்டில் இருந்ததுதான் மாமா என்பாள்.

நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டதற்குப் பலன் இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவள், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாள். மைண்ட் மேப் என்று ஒரு சாஃப்ட்வேர், இன்டர்நெட்டில் சும்மா கொடுக்கிறார்கள் என்றாள். நடுவில் ஒரு வட்டம், அதற்குள் ‘ஏற்றுமதி’ என்று எழுதியிருந்தது. அதிலிருந்து நாலா பக்கமும் கிளை ஓடியது. கிளைக்குக் கிளை, அதற்கும் கிளை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு சங்கதி. அதன் மேல் சின்னதாக ஒரு அம்புக்குறி. அதை அழுத்தினால் அந்தச் சங்கதி எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கமே திறக்கும். காகிதமே வேண்டாம் என்றாள்.

நல்ல சாமான்தான். ஆனால் அவள் போட்டிருந்த படத்தைப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. காக்காய் கூட்டுக்கு முள் பொறுக்கிப் போட்ட மாதிரி இருந்தது. ஒரே கிளையில் சர்க்கார் விதியும் கிடக்கிறது, கப்பல் ஏஜெண்டு விளம்பரமும் கிடக்கிறது, எவனோ ஊர் பேர் தெரியாதவன் கேள்வி பதில் பக்கத்தில் எழுதியதும் கிடக்கிறது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியும், லேபிளில் பார்த்துப் பழக்கம். வாசித்து அர்த்தம் பண்ணத் தெரியாது. அதற்காக என் கண் குருடு இல்லை, சர்க்கார் முத்திரை எது, விளம்பரப் படம் எது என்று பக்கத்தைத் திறந்தாலே தெரிந்தது. வெடிமருந்தையும் திரியையும் நெருப்புப் பெட்டியையும் ஒரே ரூமில் வைத்திருக்கிறாய் என்றேன்.

“மாமா, இது கம்ப்யூட்டர். இங்கன எதுவும் வெடிக்காது,” என்றாள்.

“ஆபீசர் முன்னால கொண்டு போய் வச்சுப் பாரு தாயி. அங்கன வெடிக்கும்.”

அவளுக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம். ஆனாலும் இருவரும் எழுந்து போகவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் மாற்றினாள்.

பட்டாசு ஃபேக்டரி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் ஒரே பெரிய கட்டடமாகக் கட்ட மாட்டோம். காடு முழுக்கச் சின்னச் சின்ன ரூமாகக் கட்டி, ரூமுக்கு ரூம் நல்ல இடைவெளி விடுவோம். ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. கலக்குகிற ரூமில் அடைக்கிற வேலை நடக்காது, அடைக்கிற ரூமில் காயப்போட மாட்டோம். ஒன்று வெடித்துப் போனாலும் பக்கத்து ரூம் நிற்க வேண்டும். அதே மாதிரி படத்தைப் பிரிக்கச் சொன்னேன். ஒரு கிளையிலிருந்து நாலுக்கு மேல் கிளை பிரியக் கூடாது. ஐந்தாவது வந்தால் வேறு ரூம் கட்டு. சர்க்கார் சொன்னது ஒரு ரூம். கப்பல் கம்பெனி சொன்னது ஒரு ரூம். நம்மிடம் வியாபாரம் எதிர்பார்த்து ஏஜெண்டு சொன்னது தனி ரூம், தள்ளி. ஊர்வாய் பேசியது அதற்கும் தள்ளி. ஒவ்வொன்றையும் அவள் வாசித்து அர்த்தம் சொல்வாள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இதைச் சொல்கிறவன் யார், சொல்வதால் அவனுக்கு என்ன கிடைக்கும். அதற்குப் பதில் வந்தால்தான் கிளைக்கு இடம் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் இதுதான் வேலையாக இருந்தது. நான் விரலால் கண்ணாடியைத் தொட்டு இது அங்கே போகட்டும் என்பேன். அவள் அந்தக் கிளையை இழுத்துக்கொண்டு போய் ஒட்டிவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைப்பாள். துடைத்துத் துடைத்து, தொடாமல் சொல்லுங்கள் மாமா, கறிக்குழம்பு வாசனை அடிக்கிறது என்றாள் ஒரு நாள். அதற்குப் பிறகு கையைக் கழுவிவிட்டுத்தான் தொட்டேன், தொடுவதை விடவில்லை.

உறுதியாகாத சங்கதிக்கு என்ன செய்வது என்று ஒரு பேச்சு வந்தது. அழித்துவிடலாம் என்றாள் மருமகள். அழிக்காதே, நாளைக்கு உறுதியானால் வேண்டியிருக்கும், சிவப்பு போடு என்றேன். எங்கள் ஃபேக்டரியில் மருந்து கலக்கிற ரூம் முன்னால் சிவப்புத் துணி கட்டியிருந்தால், வேலை முடிகிறவரை ஒருத்தரும் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ஃபோர்மேன்கூடத் தூரத்தில் நின்றுதான் குரல் கொடுப்பார். அந்தச் சிவப்பு. தொடாதே என்று அர்த்தம். அவள் ஏழெட்டுக் கிளைக்குச் சிவப்பு போட்டாள். அவளுக்கு நான் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு வாழ வந்தவளுக்குச் சிவப்புத் துணி தெரியாதா.

படம் முடிந்தது. பார்க்கக் கண் குளிர்ந்தது. எந்தக் கேள்வி கேட்டாலும் நடுவிலிருந்து விரல் பிடித்துக்கொண்டு போனால் பதில் இருந்தது. வேண்டாத கிளையை ஒரு அழுத்தில் மடக்கி வைக்கலாம், வேண்டும்போது விரிக்கலாம். சங்கத்துச் செயலாளர் ஆடிட்டர்தான். எங்களில் பாதிப் பேருக்குக் கணக்கு பார்க்கிறவர், ஆபீசர்களோடு இங்கிலீஷில் பேசக்கூடியவர், அதனால் எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் நிற்பார். மருமகள் படத்தை சிடியில் போட்டுக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு போய்த் தெரிந்த பிரஸ்ஸில் கலியாண வீட்டு பேனர் அளவுக்குப் பிரிண்ட் போட்டுவிட்டார். சிவகாசியில் அது ஒரு காரியமா. எங்களிடம் ஒரு வார்த்தை, இது எப்படி, அது எப்படி என்று கேட்கவில்லை.

சூலக்கரைக்கு வேன் பிடித்துப் போனோம். கலெக்டர் ஆபீசில் எங்களைப் பார்த்த அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். இரண்டு பேர் படத்தை விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். ஆடிட்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, முக்கியமான விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் சார் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, நேராகச் சிவப்புக் கிளைக்குப் போனார்.

எனக்குப் பின்னால் நாற்காலி இருந்தது, நான் உட்காரவில்லை. இன்ன துறைமுகத்தில் சோதனைச் சான்று இல்லாமலே சின்ன லோடு ஏற்றுகிறார்கள் என்று அந்தக் கிளையில் இருந்தது. எவனோ எழுதிய ஊர்வாய்ச் சங்கதி. ஆடிட்டர் அதை வேதம் மாதிரி வாசித்தார். அது வேண்டாம் ஆடிட்டர் என்று நான் குரல் கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டினார், சும்மா இருங்கள் என்று. அதிகாரி உடனே ஃபோனை எடுத்து யாரிடமோ கேட்டார். ஃபோனை வைத்துவிட்டு, அப்படி ஒரு வழக்கமே இல்லையாம், இதை யார் சொன்னது என்று கேட்டார். ஆடிட்டர் அடுத்த சிவப்புக் கிளைக்குப் போனார். அதுவும் அதே கதி. மூன்றாவதில் அதிகாரி மனுவை மூடி வைத்து, சரியான விவரத்தோடு வாருங்கள் என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது சாத்தூர் ரோட்டில் டீ குடிக்க நிறுத்தியபோது ஆடிட்டர் ஆரம்பித்தார்.

“செவப்புல போட்டா முக்கியம்னுதான அர்த்தம்? பள்ளிக்கூடத்துலேயே அப்படித்தான சொல்லித் தந்தாக. அண்ணாச்சி படம் ஏறுக்கு மாறா இருந்தா நான் என்ன செய்ய?”

“வெடி ஊர்ல பொறந்துட்டுச் செவப்புக்கு அர்த்தம் கேக்கீகளே. உங்க வீட்டு ஆடு மேச்சவன்கூடச் சொல்வான்,” என்றேன்.

கூட வந்தவர்களில் ஒருவர், விடுங்கள் அண்ணாச்சி, வயசான காலத்தில் கம்ப்யூட்டர் நமக்கு எதற்கு என்றார். இன்னொருவர் அதற்குச் சிரித்தார். அவர்களும் என்னைப் போலப் பசை காய்ச்சியவர்கள்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். அன்றைக்கு அது அண்ணாச்சி படம். அந்த வாரம் முழுக்க, எண்ணெய்க் கடையில், பிரஸ்ஸில், கலியாண வீட்டில், எங்கே பார்த்தாலும் அண்ணாச்சி படம் போட்டு ஆபீசர் முன்னால் மானத்தை வாங்கினார் என்றுதான் பேச்சு. அதில் எனக்குப் பங்கு கொடுக்க ஒருவரும் தயங்கவில்லை. மருமகள் பெயரை இழுக்கவில்லை, பிரிண்ட் போட்டவர் பெயரை இழுக்கவில்லை. முழுசாக எனக்கே கொடுத்தார்கள்.

வீட்டில் வந்து கத்தினேன். மருமகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒரு ஓரத்தில் எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று எழுதிவிடலாம் என்றாள். எழுதினால்தான் தெரியுமா என்று எனக்குக் கடுப்பு. பிறகு, எழுதித் தொலை என்றேன். கீழே கட்டம் போட்டு, சிவப்பு என்றால் உறுதியாகவில்லை, பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினாள். அத்தோடு விடாமல், மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்தோம். சிவப்பில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் தோண்டினோம். கப்பல் கம்பெனிக்கு அவள் மெயில் போட்டுக் கேட்டாள். பதில் வந்ததைச் சர்க்கார் ரூமுக்குப் பக்கத்தில் புது ரூம் கட்டி வைத்தேன். வராததைச் சிவப்பாகவே விட்டோம். இரண்டு கிளை உறுதியாகிப் பச்சையானது. அந்த இரண்டும்தான் பிறகு காரியம் பார்த்தன.

புதுப் படத்தை எங்களிடம் வாங்கிக்கொண்டு இரண்டாம் தடவை போகும்போது எனக்கு வேனில் இடமில்லை என்றார்கள். வேன் எனக்குத் தெரியும். என் ஃபேக்டரி ஆட்கள் தீபாவளி முடிந்து குலசாமி கோயிலுக்குப் போகிற வேன் அது. அதில் இடமில்லை என்று சொன்னார்கள். நான் வீட்டில் இருந்தேன். சாயங்காலம் ஃபோன் வந்தது. அதிகாரி படத்தை மேஜையில் விரித்து வைத்து, கிளை கிளையாகக் கேட்டாராம். கேட்டதற்கெல்லாம் அதிலேயே பதில் இருந்ததாம். இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டுவந்ததில்லை என்றாராம். ஒரு நகல் வாங்கி வைத்துக்கொண்டு, துறைமுகத்து ஆட்களோடு எங்களை உட்கார வைக்கிறேன் என்று சொல்லி, சொன்னபடி உட்கார வைத்தார். சாம்பிள் சரக்கைச் சோதனைக்கு அனுப்ப வழி பிறந்தது. எனக்குச் சந்தோஷம்தான். வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன்.

அடுத்த மாதம் சங்கத்தில் விழா. ஆடிட்டருக்குப் பொன்னாடை. சுவரில் திரை போட்டு மூடியிருந்த சட்டத்தை ஒரு பெரிய மனிதரை வைத்துத் திறந்தார்கள். என் படம். என் ரூம்கள், என் இடைவெளி, என் சிவப்பு. அடியில் ஆடிட்டர் பெயர். எல்லோரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என் கையையும் சேர்த்துப் பிடித்துத் தட்ட வைத்தார், என்ன அண்ணாச்சி சும்மா இருக்கீக என்று.

சாப்பாட்டுப் பந்தியில் ஆடிட்டர் பக்கத்து இலைக்கு வந்து உட்கார்ந்தார். அடியில் உள்ள பெயரைப் பற்றிக் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்:

“அண்ணாச்சி, டைப் அடிச்சது உங்க மருமக. பிரிண்ட் போட்டு ஆபீசர்ட்ட பேசுனது நான். நீங்க கூட இருந்தீக. கூட இருந்தவுக பேரெல்லாம் போட்டா படத்துல எடம் பத்தாது.”

நான் பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கூட இருந்தேன். ஃபேக்டரியில் கொத்தனார் கல் வைக்கும்போதும் நான் கூடத்தான் இருந்தேன். எந்த ரூம் எங்கே, எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் கதவு என்று சொன்னது யார்? ஃபேக்டரி யாருடையது என்று கேட்டால் கொத்தனாரையா காட்டுவார்கள்? இன்டர்நெட்டில் எல்லாம் கிடக்கிறது என்கிறார்கள். கிடக்கட்டும். கிடப்பதை அள்ளிக் கொட்டினால் குப்பை. எதற்குப் பக்கத்தில் எது இருக்கக் கூடாது என்று தெரிந்து பிரித்தால்தான் அதை ஒருவன் நம்பிக் காலெடுத்து வைக்க முடியும். அந்தப் பிரிப்பு என் தலையில் இருந்து வந்தது. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதவன் தலையில் அது இருக்காது என்பதுதான் ஆடிட்டருக்கும் மற்றவர்களுக்கும் எண்ணம். அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கூட இருந்தீக என்பார்கள்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். எனக்கு ஒத்து ஊதுவாள் என்று நினைத்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே, “என் பேரும்தான் அதுல இல்ல மாமா. இம்புட்டு நேரம் கத்துனீகளே, அதுல என் பேரு ஒரு தடவையாச்சும் வந்துச்சா?” என்றாள்.

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. ஆனால் கணக்கென்றால் கணக்கு. தேடியது அவள், வாசித்துச் சொன்னது அவள், மெயில் போட்டது அவள், கட்டம் போட்டு நிறத்துக்கு அர்த்தம் எழுதியதும் அவள். அது அவளுடைய பங்கு, அதில் எனக்கு ஒன்றும் வேண்டாம். என் பங்கை அடுத்தவன் எடுக்கும்போது எரிகிறதே, அவள் பங்கு போனால் அவளுக்கும் எரியும். அதனால் என் கோரிக்கையில் அவளையும் சேர்த்துக்கொண்டேன்.

சங்கத்தில் இரண்டு முறை வாய்மொழியாகச் சொல்லியாயிற்று. பார்க்கலாம் அண்ணாச்சி என்றார்கள். ஒருவர், ஒரு படத்துக்கா இவ்வளவு என்றார். படத்துக்குத்தான். அது கெட்ட பெயர் வாங்கியபோது அண்ணாச்சி படம் என்று ஊர் முழுக்கச் சொன்ன வாய்கள், நல்ல பெயர் வாங்கியபோது மூடிக்கொண்டதற்குத்தான். எனக்குப் பொன்னாடை வேண்டாம், மேடை வேண்டாம். கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்.

எனக்கு வேண்டியது இது. அந்தச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்க வேண்டும். அடியில் உள்ள ஒற்றை வரியை எடுத்துவிட்டு மூன்று வரி போட வேண்டும். தேடி வாசித்துத் தொகுத்தது மருமகள். ரூம் பிரித்து அடுக்கியது, சிவப்பு வைத்தது நான். கொண்டுபோய்ப் பேசியது ஆடிட்டர். மூன்றும் ஒரே எழுத்தளவில் இருக்க வேண்டும். மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் வேலை கூடாது, புதிதாக அச்சடிக்க வேண்டும். என் பெயரை முழுசாக, என் அப்பா பெயரின் முதலெழுத்தோடு போட வேண்டும். போடுகிறவரை நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.